அளவும் முறையும்: கொடிகாமத்துக் குடும்ப வரலாற்றில் மரபணு ஒப்பீடு

கொடிகாமம் போன்ற யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி ஊர்களில் ஒரு குடும்பத்தின் வழித்தடம் எழுத்தில் கிடைக்கும் இடங்கள் சிலவே: காணி உறுதி, மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் உறவினருக்கு வழங்கப்படும் ‘கல்வெட்டு’ என்னும் நினைவு நூல். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் முதுசத்தையும் சீதனத்தையும் வேறுபடுத்துவதால், சீதன உறுதிகளை அடுக்கி வாசிப்பவர் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிய வழியைத் தலைமுறை தலைமுறையாகக் காணமுடியும். ஆனால் 2000ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சி மக்கள் பெருமளவில் இடம்பெயர நேர்ந்தது. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளோடு இத்தகைய ஆவணங்களும் அழிந்தன. உறவு சொல்லத் தெரிந்த மூத்தோர் மறைந்துவர, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளர்கின்றனர். அறுந்த இழைகளை மரபணுச் சோதனை முடிச்சிடுமா என்னும் கேள்வி இச்சூழலிலேயே எழுகிறது.

உமிழ்நீரிலிருந்து பெறப்படும் டிஎன்ஏயில், மனிதருக்கு மனிதர் வேறுபடக்கூடிய ஏறத்தாழ ஆறேழு இலட்சம் புள்ளிகளைச் சோதனை நிறுவனங்கள் வாசித்துக் கோப்பாகத் தருகின்றன. 2010இல் தொடங்கப்பட்ட ஜெட்மாட்ச் போன்ற தளங்கள், வெவ்வேறு நிறுவனங்களின் கோப்புகளை ஏற்று, இருவருடைய நிறமூர்த்தங்களில் ஒத்துவரும் துண்டுகளைக் கண்டு, அவற்றின் நீளத்தைச் சென்டிமோர்கனில் கூட்டிச் சொல்கின்றன. சென்டிமோர்கன் என்பது, பரம்பரைப் பொருள் தலைமுறை மாறும்போது ஓரிடத்தில் முறிந்து கலக்கும் வாய்ப்பைக் கொண்டு வகுத்த அலகு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் அது ஏறத்தாழ 3,500. உடன்பிறந்தார் இருவரின் பிள்ளைகளுக்கிடையே சராசரியாக 850 அளவில் இருக்கும்.

இம்முறையின் வலிமை கொடிகாமத்துக்கு மிகவும் வேண்டியது. தந்தையின் பெயரே முதற்பெயராக நிற்கும் யாழ்ப்பாண வழக்கில் குடும்பப் பெயர் இல்லை. கந்தையாவும் வேலுப்பிள்ளையும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தனர். வெளிநாட்டுப் பதிவேடுகள் ஒரே பெயரைப் பலவாறு எழுதின. துண்டுகளின் ஒப்பீட்டுக்கு எழுத்துக்கூட்டல் தேவையில்லை. இரு குடும்பங்களுக்கும் பூட்டன் ஒருவரே என்ற செவிவழிச் செய்தியை அது பெரும்பாலும் உறுதிசெய்யவோ ஐயத்துக்குள்ளாக்கவோ வல்லது. தாய்வழியாக மட்டுமே இறங்கும் இழைமணி டிஎன்ஏ, சீதன உறுதிகள் காட்டும் பெண்வழியோடு ஒப்பிடத்தக்கது. எனினும் அது மிக மெல்ல மாறுவதால், ஒத்துவந்தால் உறவின் காலத்தைச் சொல்லாது. தெளிவாக ஒத்துவராதபோது அந்தப் பெண்வழி ஓரிடத்தில் பிழை என்பதைச் சொல்லும்.

குறை தொடங்குவது உறவின் பெயரில். அக்கா தங்கையின் பிள்ளைகள் சகோதர முறையினர். அண்ணனின் பிள்ளையும் தங்கையின் பிள்ளையும் மச்சான், மச்சாள். முன்னவர்களுக்குள் திருமணம் நினைத்தற்கரியது; பின்னவர்களுக்கோ அது உரித்து. யார் யாரை மணக்கலாம், யார் எந்தச் சடங்கில் முன்னிற்பார் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் இவ்வேறுபாடு மென்பொருளின் கண்ணுக்குப் புலப்படாது. இரண்டும் அதற்கு ஒரே எண். ஒரே ஆங்கில உறவுப்பெயர்.

இரண்டாவது குறை அந்த எண்ணிலேயே உள்ளது. ஒப்பிடப்படும் இருவரும் ஒரு வழியால் மட்டுமே உறவினர் என்பது மென்பொருளின் உறவுக் கணிப்பில் மறைந்துள்ள அனுமானம். ஒரு வீட்டின் அண்ணனும் தங்கையும் மற்றொரு வீட்டின் தங்கையையும் அண்ணனையும் மணக்கும் மாற்றுச் சம்பந்தத்தில் பிறந்த மச்சான் மச்சாளுக்கிடையே கூட்டுத்தொகை 1,700 அளவுக்கு உயரும்; தந்தை மட்டுமே பொதுவான இருவருக்கும் அதே அளவுதான். உறவுமுறை அறியாத பேர்த்தி ஒருத்தி அந்த எண்ணை மட்டும் கொண்டு, மறைந்துபோன ஒருவரின் ஒழுக்கத்தையே ஐயுறக்கூடும். ஜெட்மாட்சின் ஒப்பீட்டுப் படத்தை நுணுகிப் பார்த்தால் விடை அங்கேயே உண்டு: தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதிகளில் ஒன்று மட்டும் ஒத்த இடம் மஞ்சளாகவும் இரு பிரதிகளும் ஒத்த இடம் பச்சையாகவும் காட்டப்படுகின்றன. மாற்றுச் சம்பந்தத்துப் பிள்ளைகள் தாய்வழியிலும் தந்தைவழியிலும் உறவினராதலால், அவர்களுடைய பட்டைகளில் ஆங்காங்கே நீண்ட பச்சை தொடர்ந்து நிற்கும். தந்தை மட்டும் பொதுவானவர்களிடம், அவர்களுடைய தாயார் தமக்குள் உறவினராக இல்லாதவரை, அத்தகைய தொடர்ச்சி இராது.

வரணி, மிருசுவில், உசன், கச்சாய் எனச் சுற்றுவட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில், பல வழிகளால் வந்த சிறு துண்டுகள் கூடித் தூரத்து உறவை அண்மை உறவாகக் காட்டும். தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றுள் 81இல் சிறு மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியதன் தடயம் பின்லாந்தினரிடம் உள்ளதைவிட வலுவானது எனக் கண்டது. அகமணம் அத்தடயத்தை அழியாமல் காக்கிறது. ஆகவே இங்கு கூட்டுத்தொகையைவிட மிக நீண்ட ஒற்றைத் துண்டின் அளவே நம்பத்தக்கது. 7 சென்டிமோர்கனுக்குக் குறைந்தவற்றைச் சான்றாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது குறை அறம் சார்ந்தது. ஒருவர் உமிழ்நீர் கொடுத்தால், இசைவு கேட்கப்படாத உறவினரின் தகவலும் அதனுடன் செல்கிறது. 2018இல் கலிபோர்னியாவில் கொலைக் குற்றவாளியொருவர் பிடிபட்டது, தூரத்து உறவினர் ஜெட்மாட்சில் ஏற்றிய கோப்புகளால். அதன் பயன் நன்மையே எனினும், தரவு கொடுத்தவர் கருதாத இடத்துக்கு அது செல்லும் என்பதும் அன்றே தெரிந்தது. 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தின் ஏறத்தாழ 69 இலட்சம் பயனர்களின் தகவல்கள் கசிந்தன. போரில் உறவினர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்த வீடுகளில், எவரும் கேளாத உண்மையொன்று திரையில் தோன்றும்போது நோகப்போகிறவர்கள் வளர்த்தவர்களும் வளர்ந்தவர்களுமே.

இக்குறைகள் ஒப்பீட்டைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. அதை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கான வழிகாட்டல்கள். முதலில் ஊரிலுள்ள மூத்தோரிடம் முறை கேட்டு எழுதுதல், அடுத்து உறுதியும் கல்வெட்டும் தேடுதல், அவை முரண்படும் இடத்தில் மட்டும் உரியவர்களின் இசைவோடு மென்பொருளைச் சாட்சிக்கு அழைத்தல் என்ற வரிசையே தக்கது. உமிழ்நீரைப் பத்தாண்டு கழித்துப் பேரப்பிள்ளையும் கொடுக்கலாம். எந்த வழியால் மாமி, எந்த வழியால் பெரியம்மா என்று சொல்லத் தெரிந்த ஆச்சியை அப்போது கேட்கமுடியாது.