வேலைக்குப் போனாலும் கைவிடாத உதவி

நிவாரணம் கொடுத்தே சனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டார்கள் என்ற பேச்சு பாக்கு நீரிணையின் இரு கரையிலும் கேட்கிறது. வாங்குபவரின் குணத்தை அளக்குமுன் கொடுப்பதன் விதியைப் பார்க்க வேண்டும். ஒருவர் உழைக்கத் தொடங்கியதும் அவர் பெறும் உதவிக்கு என்ன நேர்கிறது? அந்த விதிதான் அவரை வேலைக்கு அனுப்புகிறது, அல்லது வீட்டில் இருத்துகிறது.

இலங்கையில் 1989இல் வந்த ஜனசவிய என்ற வறுமை நிவாரணம், குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா வீதம் 24 மாதங்களுக்கு என்று திட்டமிடப்பட்டது. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. மிகுதி 1,042 ரூபா தொழில் முதலாகச் சேமிப்பில் சேரும். செலவு தாங்காமல் அது கட்டம் கட்டமாகவே நடந்தது. 1995இல் அதன் இடத்துக்குச் சமுர்த்தி வந்தது. வங்கியும் கடனும் இருந்தும், வறுமை நீங்கியவரைப் பட்டியலிலிருந்து எடுக்கும் ஏற்பாடு நடைமுறையில் செயலிழந்தது. பெயர் சேர்வதிலும் நிலைப்பதிலும் அரசியல் புகுந்தது. 2023இல் அதற்குப் பதிலாக வந்த அஸ்வெசும 22 குறிகாட்டிகளால் அந்தச் செல்வாக்கை வெட்டப் பார்த்தது. நல்ல நோக்கம். ஆனால் மின்பாவனையும் வாகனமும் அங்கே வசதியின் அடையாளங்கள். தவணைக்கு முச்சக்கரவண்டி எடுத்தவரும் மின் தையல் இயந்திரம் போட்டவரும் உழைப்புக்கு வாங்கிய பொருளே தம்மைத் தள்ளிவிடுமோ என்று அஞ்ச நேர்கிறது.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டு ஊரக வேலையுறுதிச் சட்டம் ஏழ்மையை அளக்கவில்லை. உடலுழைப்புக்கு முன்வரும் எந்த ஊரகக் குடும்பமும் ஆண்டுக்கு நூறு நாள் வேலை கேட்க முடிந்தது. 15 நாளுக்குள் கிடைக்காவிட்டால் வேலையின்மைப் படி இருந்தது. வெயிலில் மண்வெட்டி பிடிக்க வசதியுள்ளவர் வரமாட்டார் என்பதால் வடிகட்டல் தானாகவே நடந்தது. வேறு கூலி கிடைத்தவரும் உரிமையை இழக்கவில்லை. குறை வேறிடத்தில்: கூலி தாமதமானது, முதியவருக்கும் நோயாளிக்கும் வேலையுரிமை பயன்படவில்லை, ஏரி தூர்வாரிய கை நிரந்தரத் தொழிலுக்கு மாறவும் இல்லை.

இந்த வேலையால் நாற்று நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் முறையிட்டார்கள். 2025 டிசம்பரில் வந்த மாற்றுச் சட்டம் 125 நாளாக உயர்த்தி, பயிர்ப் பருவத்தில் 60 நாள் வேலையை நிறுத்த இடமளித்தது. முறையீட்டில் உண்மை உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருவோரில் ஐந்தில் நான்குக்கு மேல் பெண்கள். வயற்கூலியைப் பேரம் பேச அவர்களுக்கு வாய்த்த பிடி இதுதான். அதைப் பருவத்தில் பறிப்பது கூலியை அமுக்குவதில் முடியும்.

வருமானம் கூடியவருக்கும் கொடுத்தால் திறைசேரி தாங்குமா என்பது இலங்கையின் நியாயமான கேள்வி. முழுத் தொகையும் வேண்டியதில்லை. ஓரிரு ஆண்டில் படிப்படியாகக் குறைத்தால் போதும். பயந்து பதிவில்லா வேலையில் ஒளிபவர் பட்டியலில் நீடிப்பதும் அரசுக்குச் செலவுதான். ஆகவே இலங்கை இந்தியாவிடமிருந்து கேட்டுப்பெறும் வேலையுரிமையை எடுக்கட்டும். உழைப்புக் கருவியை வசதிக் கணக்கிலிருந்து நீக்கட்டும். இந்தியா, கூலியோடு தொழில் முதலும் சேர வேண்டும் என்ற ஜனசவியவின் கருத்தை எடுக்கட்டும்.