ஸ்லைஸ் பேக்ஹேண்டின் எடை

டென்னிஸில் ஸ்லைஸ் பேக்ஹேண்டைத் தற்காப்பு அடி என்று ஒதுக்குவோர் உண்டு. அழகுக்காகவே கொண்டாடுவோரும் உண்டு. அது எதைச் சாதிக்கும், எங்கே தோற்கும் என்று பார்த்தபிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதலில் செய்முறை. காண்டினென்டல் பிடியில் தோளைத் திருப்பி, மட்டையைப் பந்துக்கு மேலே உயர்த்தி, அதன் முகத்தைச் சற்றே திறந்து, முன்காலுக்கு முன்னே பந்தைச் சந்திக்க வேண்டும். பலரும் தவறுவது இந்தச் சந்திப்பில்தான். கோடரியால் விறகு பிளப்பதுபோல மட்டையைக் கீழே இறக்குகிறார்கள்; பந்து மிதந்துபோய் எதிராளிக்கு வசதியான உயரத்தில் எழுகிறது. மட்டை கீழே இறங்குவதைவிட முன்னோக்கிச் செல்வது அதிகமாக இருக்க வேண்டும். மறு கை பின்னால் விரிந்தால் மார்பு அவசரப்பட்டுத் திரும்பாது. உடலின் எடையும் பந்தில் இறங்கும்.

அப்படி அடித்த பந்து பின்சுழற்சியோடு வலையை ஒட்டிப் பறந்து, தரையில் வழுக்கித் தாழ்வாக எழும். புல்தரையில் இது கூர்மையான ஆயுதம். 2021 விம்பிள்டன் இறுதியில் 1.86 மீட்டர் உயரமுள்ள கரோலினா பிளிஷ்கோவாவை ஆஷ்லி பார்ட்டி இதனால் குனியவைத்தார். முழங்காலுக்குக் கீழிருந்து எடுக்கும் பந்தை மேல்நோக்கித் தூக்கியே ஆக வேண்டும். அதைத் தண்டிக்கப் பார்ட்டியின் ஃபோர்ஹேண்ட் தயாராக இருந்தது.

ஸ்லைஸை மட்டுமே நம்பலாமா? ஸ்டெஃபி கிராஃப் பெரும்பாலும் இந்த பேக்ஹேண்டை வைத்தே 22 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றார். வலுவான சான்றுதான். ஆனால், அதற்கு அரணாக நின்றவை அவருடைய கால்வேகமும் ஃபோர்ஹேண்டும். அவை இல்லாதவருக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

எதிர்ச்சான்று ரோஜர் ஃபெடரரிடம் இருக்கிறது. ரஃபேல் நடாலின் இடக்கை டாப்ஸ்பின் தோளுயரம் எழும்போது, ஸ்லைஸில் திருப்பிய பந்து நடாலுக்கே நேரம் கொடுத்தது. 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் நடாலுக்கு எதிராக ஃபெடரர் 97 சதுர அங்குல முகமுள்ள மட்டையால், பந்து எழும்போதே துணிந்து ஓங்கி அடித்தார். ஐந்து செட்களில் வென்றார். எதிராளி வலைக்கு வந்துவிட்டாலும் இதே குறைதான்: மெதுவாக மிதந்து வரும் பந்து அவருக்கு எளிய வாலி.

ஆகவே, ஸ்லைஸ் அடுத்த அடிக்கு வழிதிறக்கும் அடி. அந்த அளவில் அதற்கு இணையில்லை. ஓங்கி அடிக்கும் இன்னொரு பேக்ஹேண்டும் கைவசம் இருப்பவரிடமே அது முழுமை பெறுகிறது. பயிற்சியாளர்கள் இரண்டையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும்.