வார்டு எல்லையில் முடியும் பசுமை

மாநகராட்சித் தேர்தல் சமயத்தில் கதவிடுக்கில் செருகப்படும் நோட்டீஸை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. வழவழப்பான தாள், கைகூப்பி நிற்கும் படம், சின்னம், பத்துப் பன்னிரண்டு வாக்குறுதிகள், அடியில் அச்சகத்தின் பெயர். சின்னத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் அதிகாரம் பெண்ணை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்பதை அறிய இதைவிடச் சுருக்கமான ஆவணம் கிடைக்காது. அதிலும், சுற்றுச்சூழலை முன்வைத்து வார்டு தேர்தலில் நிற்கும் பெண்ணின் நோட்டீஸ் நம்மைக் கொஞ்சம் சங்கடப்படுத்த வேண்டும். அது நமக்குப் பிடித்தமான நோட்டீஸ். நம் ஆட்களின் நோட்டீஸ். அதனால்தான் அதைக் கூர்ந்து படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். 2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கான இடஒதுக்கீடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்ந்தது. அதே ஆண்டு மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. ஆனால் தேர்தல் நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கும் மேலாக நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி, மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு உறுப்பினர்கூட இல்லாமல் அதிகாரிகளால் நடத்தப்பட்டது. 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்தபோது 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கானவை. 28 வயதான ஆர். பிரியா மேயரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். எண்ணிக்கையில் இது பெரிய மாற்றம். மாற்றம் எந்த மொழியில் வந்தது என்பதுதான் என் கேள்வி.

கட்சி வேட்பாளர்களின் நோட்டீஸில் பெண் யாராவது ஒருவருக்கு உறவாகத்தான் வருகிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் சகோதரி, வட்டச் செயலாளரின் துணைவியார். கணவரின் படம் சில சமயம் வேட்பாளரின் படத்தைவிடப் பெரிதாக இருக்கும். இதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, கடந்துபோகலாம். பசுமை வேட்பாளர் இதிலிருந்து விலகியவர். படித்தவர், பெரும்பாலும் சுயேச்சை, கணவரின் படம் இல்லாதவர். அவர் தரும் வாக்குறுதிகளைப் பாருங்கள்: குப்பையில்லா வார்டு. வீட்டிலேயே உரம். மாடித்தோட்டம். துணிப்பை. வீட்டுக்கொரு மரக்கன்று. ஈரக்கழிவு, உலர்கழிவு பிரித்தல்.

மற்ற வேட்பாளர் சாலை போட்டுத் தருவேன் என்றால், போட வேண்டியது மாநகராட்சி. தெருவிளக்கு என்றாலும் அப்படியே. இந்தப் பட்டியலில் உள்ளவற்றை யார் செய்ய வேண்டும்? காய்கறித் தோலைத் தனியே எடுத்துவைப்பதும், உரத்தொட்டியில் புழு வந்தால் சாம்பல் தூவிக் கிளறுவதும், மாடிக்குத் தண்ணீர் சுமப்பதும், துணிப்பையைத் துவைத்துக் காயவைத்து மறக்காமல் எடுத்துக்கொடுப்பதும் யார் வேலை? வாக்குறுதி கொடுப்பவர் வேட்பாளர். நிறைவேற்ற வேண்டியவள் வாக்காளர். வேறு எந்த அரசியலிலும் இப்படியொரு ஏற்பாட்டை நாம் ஏற்றுக்கொள்ள மாட்டோம். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்வதால் இது தோழமை போலத் தோன்றுகிறது. கூலியில்லாத வேலை நேரத்தில் தினமும் அரைமணி கூடுகிறது என்பதை எந்த நோட்டீஸும் எழுதுவதில்லை.

தரம் பிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பிரித்துக் கொடுத்த மூன்றும் தெருமுனையில் ஒரே வண்டியில் கொட்டப்படுவதைப் பார்த்த பெண்ணிடம் போய் விழிப்புணர்வு பேசுவது அவளை அவமதிப்பது. அவளுக்கு விழிப்பு இருக்கிறது. அவளிடம் இல்லாதது, அந்த வண்டியின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் அதிகாரம். கவுன்சிலருக்கு அது உண்டு. விழிப்புணர்வு என்ற சொல்லை நம் சூழலியல் எழுத்திலிருந்து கொஞ்ச காலம் ஒதுக்கிவைத்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

குப்பையில்லா வார்டு என்ற தொடரை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இல்லாமல் போன குப்பை எங்கே போகிறது? சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. பல பத்தாண்டுகளாக அது போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022இல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எல்லோரும் பூநாரையின் படத்தைப் பகிர்ந்தோம். பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலையாவது வேகமாக நடந்தது. கொடுங்கையூருக்கோ குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வருகிறது என்றார்கள். ஏற்கெனவே மணலியின் ஆலைகளையும் எண்ணூரின் சாம்பலையும் சுவாசிக்கும் வடசென்னை மக்கள் அதை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள்.

கொடுங்கையூரும் சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதிதான். அங்கேயும் வார்டு உண்டு, வாக்குச்சாவடி உண்டு, பெண் வாக்காளர் உண்டு. அவளுடைய நோட்டீஸில் குப்பையில்லா வார்டு என்று அச்சடிக்க முடியுமா? தென்சென்னையின் ஒரு நிழற்சாலையில் அந்தத் தொடர் சாத்தியமாவது, வேறொரு வார்டு அதைச் சாத்தியமில்லாமல் சுமப்பதால். வீட்டைப் பெருக்கி வாசலுக்கு வெளியே தள்ளுவது போல வார்டைப் பெருக்கி வார்டுக்கு வெளியே தள்ளுகிறோம். வெளியே இருப்பது யார் என்பதில் சாதிக்கும் பங்குண்டு. சேரி எங்கே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்த அதே திசையறிவுதான் கிடங்கு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் முடிவுசெய்தது.

(தமிழ்த் துறைகளில் சூழலியல் கருத்தரங்கு நடக்காத ஆண்டில்லை. ஐந்திணையில் சூழலியல் என்று நூறு கட்டுரைகள் வரும். நெய்தலின் கருப்பொருளைப் பட்டியலிடும் ஆய்வாளர், எண்ணூர்க் கழிமுகம் நெய்தலா என்று கேட்டால் தேநீர் இடைவேளைக்குப் போய்விடுவார். மாணவிகள் இந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்.)

வார்டு எல்லையைத் தாண்டிச் சிந்தித்த உள்ளாட்சிப் பெண்கள் இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் நகரின் குப்பையெல்லாம் பக்கத்து ஊராட்சியான விளப்பிலில் உள்ள விளப்பில்சாலை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களின் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2011 டிசம்பரில் ஊராட்சி அந்த ஆலையைப் பூட்டியது. அப்போது ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஷோபனா குமாரி. ஆலையைத் திறக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவுகள் வந்தன, போலீஸ் வந்தது. அவர் உண்ணாவிரதம் இருந்தார். ஆலை திறக்கவில்லை. தலைநகரம் தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ளும் வழியைத் தேட வேண்டியதாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது, விளப்பில் பெண்கள் தங்கள் ஊரைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லவில்லை. உங்கள் குப்பையை இனி வாங்க மாட்டோம் என்றார்கள். முதல் வாக்கியம் இல்லத்தரசியுடையது. இரண்டாவது வாக்கியம் அரசியல்.

இனி நோட்டீஸில் அறவே இல்லாத ஒருத்தியைப் பற்றிப் பேச வேண்டும். குப்பையைக் கையால் எடுப்பவள். 1989இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா, குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களைத் தெருவை அழகாக்குபவர்கள் என்று அழைத்து மூன்றுசக்கர வண்டி கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம், மறுக்க வேண்டியதில்லை. பிறகு அரசே தூய்மைப் பணியாளர் என்றது. பெயர்கள் மேன்மையாகிக்கொண்டே வந்தன. வேலை மட்டும் நிரந்தரமாகவில்லை. மலர்வதியின் ‘தூப்புக்காரி’ 2012ஆம் ஆண்டுக்கான யுவ புரஸ்கார் பெற்ற நாவல்; தெருவில் கூப்பிடும் சொல்லையே அட்டையில் வைத்தது. மேன்மைப்படுத்தும் சொல் எதை மறைக்கிறது என்பதை அந்தத் தலைப்பு ஒரு நொடியில் காட்டிவிடுகிறது.

2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். அந்த மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைப்பதை எதிர்த்தார்கள்; ஊதியம் குறையும் என்றார்கள்; வேலை நிரந்தரம் கேட்டார்கள். 13ஆம் நாள் நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் அவர்களை அங்கிருந்து அகற்றியது. மறுநாள் அமைச்சரவை அறிவித்த நலத்திட்டங்களில் ஒன்று இலவசக் காலை உணவு.

பணியைத் தனியாருக்குத் தரும் முடிவு மாமன்றத் தீர்மானமாகத்தான் வந்தது. உள்ளே இருக்கைகளில் பாதி பெண்கள். தலைமை இருக்கையில் ஒரு தலித் பெண். வெளியே நடைபாதையில் பெண்கள். இதை மேயரின் தனிப்பட்ட துரோகமாக எழுதுவது சுலபம், அது ஆணாதிக்க ஊடகத்துக்கு வசதியும்கூட. தனியார்மயம் 2000ஆம் ஆண்டு ஆனிக்ஸ் காலத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள் அல்ல. என் விமர்சனம் வேறு இடத்தில். அந்த 13 நாட்களும் நம் பசுமை இயக்கங்கள் பெரும்பாலும் இதைத் தொழிலாளர் பிரச்சினை என்று நினைத்து ஒதுங்கி நின்றன. தெரு நாறுகிறதே என்று படம் எடுத்துப் போட்ட சூழல் ஆர்வலர்களும் உண்டு. குப்பை சுற்றுச்சூழலாம், குப்பை எடுக்கும் பெண் சுற்றுச்சூழல் இல்லையாம். வார்டு தேர்தலில் பசுமை வேட்பாளராக நிற்க விரும்பும் எந்தப் பெண்ணிடமும் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு வண்டி தள்ளும் அக்காவின் மாதச் சம்பளம் எவ்வளவு, அதை யார் கொடுக்கிறார்கள் என்று தெரியுமா?

பிரச்சாரம் நடத்துவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விமர்சகர் எட்டி நின்று பேசிவிட்டுப் போகக் கூடாது. 2022இல் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் பிப்ரவரி 7. பிரச்சாரம் ஓய்ந்தது 17 அன்று. சுயேச்சைக்குத் தன் சின்னமே அந்தப் பத்து நாட்களுக்கு முன்புதான் தெரியும். கட்சிச் சின்னத்துக்கு அறுபது வருடம், நம்முடையதற்குப் பத்து நாள். எனவே, தேர்தல் அறிவித்த பிறகு தொடங்கும் பசுமைப் பிரச்சாரம் தோற்பதற்கென்றே தொடங்குவது. சென்னையில் அந்த முறை வாக்களித்தவர்கள் பாதிகூட இல்லை, 43 சதவீதத்தை ஒட்டித்தான். கட்சிக்காரரின் வாக்கைப் பறிப்பதைவிட, வராதவரை வரவழைப்பதற்கே இடம் அதிகம்.

அதற்கு எந்தக் கதவைத் தட்டுவது? படித்த வேட்பாளர்கள் முதலில் போவது குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு. ஞாயிறு காலை, ஓய்வு பெற்ற ஆண்கள், நாற்காலிகள், மைக். அங்கே இருப்பவர்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர்களும், வாரியக் குடியிருப்புக்காரர்களும், வேலைக்கு வரும் பெண்களும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. சங்கத்தின் முதல் கோரிக்கை பெரும்பாலும் நடைபாதைக் கடைகளை அகற்றுவதாக இருக்கும். பூ விற்கும் பெண்ணும் இட்லிக் கடைப் பெண்ணும் ‘சுற்றுச்சூழல் சீர்கேடு’ பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். அந்தக் கோரிக்கையை வாங்கிக்கொண்ட நிமிடத்தில் பிரச்சாரத்தின் நிறம் மாறிவிடுகிறது. தண்ணீர் லாரி வரும் நேரம், ரேஷன் கடை வரிசை, பள்ளி விடும் மணி என்று பெண்கள் சேர்ந்து நிற்கும் இடங்களும் நேரங்களும் வேறு. அங்கே மைக் வேண்டாம். பேசக்கூட அதிகம் வேண்டாம்; கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டு போதும்.

கவுன்சிலரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதையும் மறைக்கக் கூடாது. அரசமைப்பின் 74ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகள் உள்ளன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு அவற்றில் ஒன்று. நடைமுறையில் குடிநீர் தனி வாரியத்திடம், நிலப் பயன்பாடு பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம், ஆலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். ஏரியைக் காப்பேன் என்று எழுதும் வேட்பாளர், அந்த ஏரி யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்திருக்க வேண்டும். குப்பை, மழைநீர் வடிகால், தெரு, பூங்கா, இவற்றின் நிதிநிலை அறிக்கை, ஒப்பந்தத் தீர்மானங்கள் மாமன்றத்துக்கு வருகின்றன. அங்கே கை தூக்கவோ தூக்காமல் இருக்கவோ முடியும். 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. தேர்தலில் தோற்றவரும் பகுதி சபையில் எழுந்து கேள்வி கேட்கலாம், தீர்மானம் கோரலாம். பெரும்பாலான கூட்டங்களில் யார் பேசுகிறார்கள் என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

21 வயது நிறைந்தவர் போட்டியிடலாம். முதுகலை வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த வயதாகிவிட்டது. அவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றுண்டு: கையில் கிடைக்கும் பசுமை நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எழுவாயை எழுதி வரச் சொல்வேன். பிரிப்போம், நடுவோம், தவிர்ப்போம், சேகரிப்போம். இந்த ‘நாம்’ யார்? சென்ற முறை ஒரு மாணவி ‘சேகரிப்போம்’ என்பதற்கு நேரே தன் அம்மாவின் பெயரை எழுதி, பக்கத்தில் மண்டல எண்ணையும் ஒப்பந்த நிறுவனத்தின் பெயரையும் குறித்திருந்தாள்.