பெட்ரோல் முள்

நேரம் கிடைக்கும்போது நான் படிக்கும் சில விஷயங்களை வெளியே சொன்னால் சிரிப்பீர்கள். அதில் ஒன்று, அமெரிக்கர்களின் கார்ப் புகார்கள். அங்கே நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென்று ஓர் அரசு நிர்வாகம் இருக்கிறது. செல்லமாக நிட்ஸா. வண்டியில் கோளாறு என்று யார் எழுதிப் போட்டாலும், பேர், விலாசத்தை எடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்துவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஓர் இலக்கிய வகை என்றே சொல்லலாம், யாரும் அதற்கு விமர்சனம் எழுதியதில்லை என்பதைத் தவிர. இந்த வாரம் எழுதிவிடலாம்.

பெரும்பாலான புகார்களுக்கு ஒரே வார்ப்பு. தொலைபேசியில் சொல்வதை அங்கே யாரோ எழுதிக்கொள்வதால் முதல் வரி எப்போதும் இன்னார் இன்ன வருடத்து இன்ன கார் வைத்திருக்கிறார் என்பதுதான். அப்புறம் சம்பவம். அப்புறம் டீலரிடம் போனது. கடைசி வரி வண்டி பழுதானபோது எத்தனை மைல் ஓடியிருந்தது என்ற கணக்கு. உணர்ச்சி கிடையாது. ஆனால் நடுவில் ஒரு வரி வரும். செலவு அதிகம் என்பதால் ரிப்பேர் செய்யவில்லை. கம்பெனிக்குச் சொன்னோம், இந்த வண்டிக்கு ரீகால் எதுவும் இல்லை என்றார்கள். நம் சிறுகதைக்காரர்கள் நாலு பக்கம் எழுதி வரவழைக்கப் பார்க்கும் சோகம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

மோசமான புகார்களும் உண்டு. 'உயிருக்கே ஆபத்து, வெட்கக்கேடு, இனி இந்தக் கம்பெனி வாசலை மிதிக்க மாட்டேன்' ரகம். படித்து முடித்தால் என்ன கெட்டுப்போச்சு என்பது மட்டும் தெரியாது. பெயரடைகள் கூடக்கூட தகவல் குறையும் என்பது கதைக்கு மட்டுமில்லை, கார்புகாருக்கும் பொருந்துகிறது.

பழைய கார்களில் திரும்பத் திரும்ப வரும் புகார் இரண்டு. ஒன்று, பெட்ரோல் முள் பொய் சொல்கிறது. கால் டேங்க் என்று காட்டிக்கொண்டே வண்டி நடுரோட்டில் நின்று போகிறது. இன்னொன்று, பெட்ரோல் பம்ப் செத்துவிட்டது. இரண்டையும் தனித்தனி வியாதியாக எழுதுகிறார்கள். பல சமயம் ஒரே வியாதிதான். எப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. நம் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிற பந்து மாதிரி. அதன் கை ஏறி இறங்கும்போது மறுமுனையில் ஒரு சின்ன உலோகத் துண்டு, மின்தடைப் பட்டை மேல் உரசிக்கொண்டே நகர்கிறது. தடை எவ்வளவு என்று பார்த்து டாஷ்போர்டில் முள் அசைகிறது. அவ்வளவுதான் விஞ்ஞானம். கார் குலுங்கும்போதெல்லாம் முள் ஆடக்கூடாது என்று வேண்டுமென்றே அதை மந்தமாக்கி வைத்திருப்பார்கள். எஃப்-ல் ரொம்ப நேரம் நிற்கும், பாதிக்குக் கீழே மடமடவென்று இறங்கும். இந்த மரியாதையான பொய்களுக்கு நாம் பழகிவிட்டோம்.

அந்த உரசும் இடத்தில் பல கார்களில் வெள்ளி கலந்த உலோகம் போடுவார்கள். மின்சாரம் நன்றாகக் கடத்தும். ஆனால் வெள்ளிக் குத்துவிளக்கை அலமாரியில் வைத்து அடுத்த பண்டிகைக்கு எடுத்துப் பாருங்கள், கறுத்திருக்கும். கந்தகம் பட்டால் வெள்ளிக்கு அப்படித்தான். பெட்ரோலிலும் கொஞ்சம் கந்தகம் உண்டு. வருடக்கணக்கில் உள்ளே கறுத்துக்கொண்டே வந்து ஒரு நாள் மின்தொடர்பு விட்டு விட்டுப் போகும். முள் தள்ளாடும், அல்லது ஒரே இடத்தில் சிலையாக நிற்கும்.

இப்போது பம்புக்கு வருவோம். இன்ஜெக்‌ஷன் கார்களில் அதுவும் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. முள்ளை நம்பி, இருக்கிறது இருக்கிறது என்று அடிவண்டலில் ஓட்டினால் பம்ப் சூடாகி ஆயுள் குறையும். ஆக, முள் சொன்ன பொய்க்கு பம்ப் பலி. மெக்கானிக்கிடம் போனால் இன்னொரு வேடிக்கை. பல மாடல்களில் மிதவை, பம்ப், ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஒரே அசெம்ப்ளி. விரல் நீளத் துண்டு கெட்டதற்கு மொத்தத்தையும் மாற்றச் சொல்வார்கள். 'தனியா வராது சார்.' இந்த மூன்று வார்த்தையை நீங்கள் கேட்டதில்லை என்றால் உங்களிடம் பழைய கார் இருந்ததில்லை.

பழசு ஆனால் கெடத்தானே செய்யும் என்பீர்கள். கம்பெனிக்காரரும் அதையேதான் சொல்கிறார். எனக்கு அந்தப் பதில்மேல்தான் சந்தேகம். 2004 மே மாதம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்ததைக் கேளுங்கள். லூசியானா, ஃப்ளோரிடா பக்கம் கார்களில் பெட்ரோல் முள் கெட்டுப்போனது. டேங்க் காலியாக இருந்தும் நிறைந்திருப்பதாகக் காட்டக்கூடிய நிலைமை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் வண்டியின் கோளாறு. சேர்த்துப் பார்த்தபோது குற்றவாளி லூசியானாவில் நார்கோ என்ற ஊரின் சுத்திகரிப்பு ஆலை. அங்கிருந்து வந்த பெட்ரோலில் தனிமக் கந்தகம் அதிகமாகப் போய்விட்டது. அதே குத்துவிளக்கு ரசாயனம், சில வருடங்களில் ஆக வேண்டியது அவசரமாக ஆகிவிட்டது. ஷெல் கம்பெனி விற்பனையை நிறுத்தி, கெட்ட கேஜ்களுக்கான செலவையும் ஏற்றுக்கொண்டது. தனி ஆள் எழுதினால் புலம்பல், நூறு பேர் எழுதியதை ஒரே மேஜையில் வைத்தால் சாட்சியம்.

அடுத்தது பம்ப். ஜப்பானின் டென்ஸோ கம்பெனி செய்த பம்புகளில் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் அடர்த்தி குறைவாக வார்க்கப்பட்டுவிட்டது. அது பெட்ரோலைக் குடித்து, ஊதி, கூட்டில் உரசி நின்றுபோகும். ஓடும் வண்டி அணைந்துவிடும். 2020-ல் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. இந்தியாவில் ஹோண்டாவும் எரிபொருள் பம்புக்காக 2020 ஜூனில் 65,651 கார்கள், 2021 ஏப்ரலில் 77,954 கார்கள் என்று அழைத்தது. மறுபடி 2024 அக்டோபரில் 90,468 கார்கள். இந்தக் கடைசிப் பட்டியலில் பெரும்பாலானவை 2017, 2018 தயாரிப்பு. ஆறேழு வருடம் ஓடிய வண்டிகள். இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், பாராட்டலாம். ஆனால் ரீகால் அறிவிப்பு வருவதற்கு முந்தின மாதம் அதே பம்ப் நின்று போனவருக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்? 'வண்டிக்கு வயசாயிடுச்சு சார்.'

நம் சட்டத்துக்கு வருகிறேன். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி 2021 ஏப்ரல் முதல், போதுமான புகார்கள் சேர்ந்தால் அரசாங்கமே ரீகால் உத்தரவு போடலாம், அபராதமும் போடலாம். அதற்கு முன் 2012-லிருந்து கம்பெனிகள் தாமாக விரும்பிச் செய்ததுதான். நல்ல சட்டம். ஒரே ஒரு வரி இடிக்கிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் செல்லும்.

ஏன் ஏழு? உங்கள் காரின் பதிவுச் சான்று 15 வருடத்துக்கு. சாலை வரியை வாங்கும் நாளிலேயே மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். வரிக்குப் பதினைந்து வருஷம் இளமையாக இருக்கும் கார், புகாருக்கு ஏழு வருஷத்தில் கிழடாகிவிடுகிறது. அமெரிக்காவிலும் எல்லை உண்டு, பத்து வருடமாக இருந்ததை 2015-ல் பதினைந்தாக உயர்த்தினார்கள். மிதவையும் பிளாஸ்டிக் சக்கரமும் கெட அவகாசம் கேட்கிற சாமான்கள். வார்ப்பில் இருந்த பிழை வெளியே வரும்போது சட்டத்தின் கதவு சாத்தியிருக்கிறது. ஏழு வருடத்துக்குள் விற்றுவிட்டு அடுத்தது வாங்குகிறவருக்குக் கவலை இல்லை. அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகளோடு குலதெய்வம் கோயிலுக்குப் போகிறவர்தான் பைபாஸில் நிற்கிறார். பாதுகாப்பு அவருக்குத்தான் அதிகம் வேண்டும்.

இப்போது எத்தனால் வேறு சேர்ந்திருக்கிறது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவிகித இலக்கை 2025-லேயே எட்டிவிட்டார்கள். பழைய கார்க்காரர்கள் முணுமுணுத்ததும் 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம், அச்சங்களில் பெரும்பாலானவை ஆதாரமற்றவை என்றது. அதே அறிக்கையில், சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான் என்றும் சொன்னது. செலவு குறைவு, சரி. யார் செலவு? எத்தனால் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கரும்பு விவசாயிக்கு நல்லது, அன்னியச் செலாவணி மிச்சம். ஆனால் எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரோடு ஒத்துப்போகாது என்பது தெரிந்த ரசாயனம். தெரிந்ததற்குப் பொறுப்பு யார் என்று கேட்பதை வதந்தி என்று தள்ளக்கூடாது.

சரி, உங்களிடம் வயசான கார் இருந்தால் என்ன செய்யலாம்? டேங்க் நிரப்பும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முள் பொய் சொன்னாலும் கிலோமீட்டர் சொல்லாது. கால் டேங்க்குக்குக் கீழே விடாதீர்கள், பம்புக்கு நல்லது. பெட்ரோல் வாசம் வந்தால் மட்டும் கணக்குப் பார்க்காமல் உடனே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

கெட்டுப்போனால் புகார் எழுதுங்கள். ஏழு வருடம் தாண்டினாலும் எழுதுங்கள், உங்கள் வண்டியின் இளைய தம்பிகள் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், முள் எங்கே நின்றது, பங்க்கில் எத்தனை லிட்டர் பிடித்தது, சர்வீஸில் என்ன சொன்னார்கள். இந்த ஐந்தும் போதும். 'வெட்கக்கேடு' வேண்டாம்.

2025 நவம்பரில் மாருதி, 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், பெட்ரோல் அளவு காட்டியும் எச்சரிக்கை விளக்கும் சரியாகக் காட்டாமல் போகலாம் என்பது. 2024 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை தயாரானவை. ஒரு வயதுகூட நிரம்பாத வண்டிகள்.