சட்டை சரி, காரணம் தவறு

ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் ஸக்கர்பெர்க்கின் கதையைச் சொன்ன ‘தி சோஷியல் நெட்வொர்க்’ 2010 அக்டோபரில் வெளிவந்தது. அதே மாதம் ஸ்டான்ஃபோர்டில் பேசிய அவர், படத்தில் தன் பாத்திரம் அணியும் சட்டைகள் எல்லாம் தன்னிடம் இருப்பவைதாம் என்று ஒப்புக்கொண்டார். காரணத்தைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. காதலி உதறிவிட்ட ஆத்திரத்தையும் மேட்டுக்குடி மாணவர் சங்கங்களில் இடம்பிடிக்கும் ஏக்கத்தையும் படம் முதல் காட்சியிலேயே அவருக்குள் ஊன்றிவிடுகிறது. ஒன்றை உருவாக்கும் ஆசைக்காகவே ஒருவன் அதை உருவாக்குவான் என்பது சினிமாக்காரர்களுக்குப் பிடிபடவில்லை என்றார். ஃபேஸ்புக் பிறக்கும் முன்பே பழக்கமாகி, பின்னர் அவருக்கு மனைவியான பிரிசில்லா சான் படத்திலேயே இல்லை.

இத்தகைய படங்களுக்கு வந்த எதிர்வினைகளைச் சேர்த்துப் படித்தால், சம்பவங்கள் மாற்றப்பட்டதைப் பலரும் பொறுத்துக்கொள்வது தெரிகிறது. மனத்தில் இல்லாத நோக்கத்தைக் கற்பிக்கும்போதுதான் வலிக்கிறது.

‘தி சோஷியல் நெட்வொர்க்’கை எழுதிய அதே ஆரன் சோர்கின் எழுதி, டேனி பாயில் இயக்கிய ‘ஸ்டீவ் ஜாப்ஸ்’ (2015), 1984, 1988, 1998 ஆகிய ஆண்டுகளின் மூன்று அறிமுக விழாக்களில், மேடைக்குப் பின்னால் நடக்கிறது. ஆப்பிளின் தலைவர் டிம் குக், படம் பார்ப்பதற்கு முன்பே, ஜாப்ஸ் பற்றிய படங்களைச் சந்தர்ப்பவாதம் என்றார். சோர்கின் சுடச்சுடப் பதிலடி கொடுத்து, பின்னர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தவர் ஆப்பிளின் இணை நிறுவனர் ஸ்டீவ் வாஸ்னியாக். படத்துக்கு ஆலோசகராக இருந்தவர் அவர். நான் அப்படியெல்லாம் பேசியதில்லை என்றார். ஆனாலும் படத்தை மனமாரப் பாராட்டினார். திரையில் அவர் அரங்கம் அதிர நின்று, ஆப்பிள் 2 குழுவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல் என்று ஜாப்ஸிடம் மல்லுக்கட்டுகிறார். நிஜத்தில், நிறுவனம் 1980இல் பங்குச் சந்தைக்குப் போகும் முன், ஒதுக்கப்பட்ட தொடக்கக்கால ஊழியர்களுக்குத் தன் பங்குகளிலிருந்தே எடுத்துக் கொடுத்தவர் அவர். அந்தக் கொடையில் வசனம் இல்லை. வசனத்தால் நடக்கும் படத்துக்குள் அது வர வழியில்லாமல் போனது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

‘தி சோஷியல் நெட்வொர்க்’கின் விமர்சகர்களில் இருவர் நாயகனைத் தாண்டிப் பார்த்தார்கள். மனிதரை ஒரு மாணவனின் மென்பொருள் எந்த அளவுக்குச் சுருக்கிவிடுகிறது என்று கவலைப்பட்டார் நாவலாசிரியர் ஸேடி ஸ்மித். ஃபேஸ்புக்கில் சேர்ந்து சீக்கிரமே வெளியேறியவர் அவர். யாரிடமும் அனுமதி கேட்காமல் கோடிக்கணக்கானோரை எட்டவிட்ட திறந்த இணையம்தான் உண்மையான கதை, படம் அதைத் தவறவிட்டது என்றார் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக். இருவர் சொன்னதும் சரியே என்று நினைக்கிறேன். படத்தின் வழக்கு விசாரணைகளில் யோசனை யாருடையது, பங்கு யாருக்கு என்ற கேள்விகளே எழுகின்றன. பயன்படுத்தப்போகிறவர்களுக்காகப் பேச அங்கே எவரும் இல்லை.

2019இல் சோர்கினே அந்த இடத்துக்கு வந்தார். அரசியல் விளம்பரங்களில் பொய்யை அனுமதிப்பது ஏன் என்று ஸக்கர்பெர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தன் படத்தில் உண்மை இல்லை என்று அவர் குறைப்பட்டதையும் அதில் நினைவூட்டினார். ஸக்கர்பெர்க், சோர்கின் 1995இல் எழுதிய ‘தி அமெரிக்கன் பிரசிடென்ட்’ படத்திலிருந்து பேச்சுரிமை பற்றிய வசனத்தை எடுத்துப் பதிலாகப் போட்டார். விளம்பரங்களைப் பற்றிய கேள்விக்கு அந்த வசனத்தில் பதில் இல்லை.