படத்தை வாசித்தலும் வினாவை வாசித்தலும்: மருத்துவப்படக் கல்விக்கான பல்தேர்வு வினாக்கள் பற்றிய ஒரு நோக்கு

கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியனவே திறனாய்வுக்குரிய எழுத்துகள் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவருகின்றது. பாடநூலும் பரீட்சை வினாவும் எழுதப்படுகின்றன, வாசிக்கப்படுகின்றன; ஆயின் எழுத்தாக மதிக்கப்படுவதில்லை. இவற்றுள்ளும் பல்தேர்வு வினா கடைசி வரிசையில் நிற்பது. எனினும் ஒரு நாவலையேனும் வாசியாது ஒருவர் வைத்தியராகிவிடலாம். நூற்றுக்கணக்கான பல்தேர்வு வினாக்களை வாசியாது ஆகமுடியாது. எவர் பல்கலைக்கழகம் புகுவர், எவர் துறைமுகத்தில் மூட்டை சுமப்பர் என்பதைத் தீர்மானிப்பதிற் பங்குகொள்ளும் எழுத்தொன்று திறனாய்வாளரின் கவனத்துக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

திருகோணமலை மாவட்டத்தை நோக்கின் இக்கேள்வியின் கூர்மை புலப்படும். பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளமாகக் கொண்டிருந்த அத்துறைமுகத்தைச் சூழ்ந்து, மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் கடலையும் வயலையும் நம்பி வாழும் தமிழ் பேசும் மக்களின் பிள்ளைகள் கல்விப் பொதுத் தராதர உயர்தரத்தைத் தமிழிலே பயில்கின்றனர். பௌதிகவியல் வினாப்பத்திரத்தின் முதற்பகுதியில் 50 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 5 தெரிவுகள். எக்ஸ்-கதிரின் உற்பத்தியையும் கழியொலியின் பயன்களையும் அம்மாணவர் தமிழிற் சந்திப்பது இங்குத்தான். பல்கலைக்கழகத்து வைத்தியபீடத்திற் காலடி வைத்ததும் மொழி ஆங்கிலமாகிவிடுகின்றது. எனவே மருத்துவப்படத்தைப் பற்றிய தமிழ் அவர்களுக்குப் பரீட்சைத் தமிழாகவே தொடங்கிப் பரீட்சைத் தமிழாகவே முடிந்துவிடுகின்றது.

இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். 1860களில் அதனைத் தமிழ் வழியே கற்பிக்கலானார். ‘இரணவைத்தியம்’ 1867இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன. அவர்தம் நோக்கம் மதஞ் சார்ந்ததே என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் மாணவரோடு கூடி அவர் ஆக்கிய உரைநடை, சத்திரக் கத்தியைக் கையிற் பிடிக்கவேண்டிய ஒருவனுக்காக எழுதப்பட்ட உரைநடை. மயக்கத்துக்கு அதில் இடமில்லை. கிறீன் 1884இல் மறைந்தார். றொன்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தது 1895இல். இடையில் 1870இற் கொழும்பில் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரியின் போதனைமொழி ஆங்கிலம். உடலைத் திறந்து பார்க்கத் தமிழிற் கற்பித்த மரபு, உடலைத் திறவாமலே பார்க்கும் காலம் வருவதற்குள் அறுந்துபோயிற்று. இன்று மருத்துவப்படம் பற்றிய தமிழ் வினாவொன்றை எழுதப் புகுபவர் முன்மாதிரியின்றியே எழுதுகின்றார்.

பல்தேர்வு வினாவின் பிறப்பையும் நாம் மறத்தலாகாது. அமெரிக்காவிலே கான்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடெரிக் கெல்லி 1914ஆம் ஆண்டளவில் வாசிப்புத் திறனை அளக்க இதனைக் கையாண்டார். 1917இல் அந்நாடு உலகப்போரில் இறங்கியபோது, இலட்சக்கணக்கான படைவீரரை விரைந்து தரம்பிரிக்கும் சாதனமாக இது விரிவுற்றது. மனித உழைப்பை மலிவாகவும் விரைவாகவும் வகைப்படுத்தவேண்டிய முதலாளித்துவத்தின் தேவையும் படையின் தேவையும் ஒன்றுகூடிப் பெற்ற பிள்ளை இது எனின் மிகையாகாது. இக்காரணத்தால் இதனை முற்றாக நிராகரிக்கவேண்டும் என வாதிடும் முற்போக்கு நண்பர் சிலர் உளர். நாம் உடன்படோம். 1970களில் நமது நாட்டிற் பல்கலைக்கழக அனுமதியிலே மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, தமிழ்ப் பரீட்சகர் தம் மாணவர்க்குப் புள்ளிகளை அள்ளி வழங்கினர் என்னும் நிறுவப்படாத ஐயமும் ஒரு நியாயமாகக் கூறப்பட்டது. பரீட்சகரின் கையைப் பற்றிய அத்தகைய ஐயத்துக்குப் பல்தேர்வு விடைத்தாளில் இடமில்லை. கருவியின் பிறப்பை அறிதல் வேறு, கருவியை எறிதல் வேறு.

ஆயின் பரீட்சகரின் கை விலகிய இடத்தில் வினாவை ஆக்குவோரின் மொழி வந்து அமர்ந்துகொள்கின்றது. இங்குத்தான் திறனாய்வாளருக்கு வேலை இருக்கின்றது.

ஆங்கில வினா பெரும்பாலும் முடிவுறாத வாக்கியமாக நின்று, தெரிவுகளுள் ஒன்றால் நிறைவுறும். தமிழ் வாக்கியம் வினைமுற்றைக் கடைசியிற் கொள்வது. ஆகவே ஆங்கில வினாவைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், வாக்கியம் நடுவிலே முறிந்து, ‘ஆகும்’, ‘ஏற்படுகின்றது’ என்னும் வால்கள் ஒவ்வொரு தெரிவிலும் தொங்குகின்றன. ‘காரணங்கள் யாவை’ என வினவிவிட்டு ஒரேயொரு தெரிவிற் பன்மை விகுதியை வைத்தால், பாடம் அறியாத மாணவனும் விடையைப் பிடித்துக்கொள்வான். எதிர்மறையின் நிலை இன்னும் மோசமானது. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் வினையை முந்திக்கொண்டு வந்துவிடும். தமிழில் அது பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதிச் சொல்லுக்குள், சில சமயம் ஓர் எழுத்துக்குள், ஒளிந்திருக்கும். ‘பொருந்துவது எது’, ‘பொருந்தாதது எது’ என்பவற்றின் வேறுபாட்டைப் பரீட்சை மண்டபத்திற் பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி தவறவிடுவாளாயின், அவள் தவறவிட்டது பௌதிகம் அன்று. தமிழில் வினாத்தொடர் முற்றுப்பெற்ற வாக்கியமாக, உடன்பாடாக, தெரிவுகளைப் பாராமலே விளங்கக்கூடியதாக இருத்தல்வேண்டும் என்பது நம் துணிபு.

படம் பற்றிய சொற்கள் தனிச் சிக்கல் உடையன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் என்பு வெண்மையாகவும், காற்று நிறைந்த சுவாசப்பை கருமையாகவும் தோன்றும். கதிரியல் வைத்தியர் இயல்புக்கு மாறான வெண்பகுதியை நிழல் என அழைப்பது ஆங்கில வழக்கு. அதனை அப்படியே ‘நிழல்’ எனத் தமிழில் இட்டால், நிழல் கருமையானது என்று தாய்மொழியிற் கற்ற மாணவன் படத்திலே கருமையைத் தேடுவான். ‘வெண்மையான பகுதி’ என எழுதினால் குறைந்துவிடுவது எதுவுமில்லை. அவ்வாறே ‘வலப்பக்கம்’. நெஞ்சுப் படத்தை நாம் நோயாளியை எதிர்கொண்டு நிற்பதுபோலவே பார்க்கின்றோம். அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். ‘நோயாளியின்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்க்காத வினாவுக்கு இரு விடைகள் உண்டு. சீ.ரி. படத்தில் அடர்த்தி, காந்தப் படத்திற் சமிக்ஞை, கழியொலிப் படத்தில் எதிரொலி என ஒவ்வொன்றும் வெவ்வேறு பௌதிக உண்மையைக் குறிப்பன. எல்லாவற்றையும் ‘பிரகாசம்’ என்றெழுதி முடிப்பவர், படம் எவ்வாறு உண்டாகின்றது என்பதையே மாணவரிடமிருந்து மறைத்துவிடுகின்றார்.

இவை மொழியின் குறைகள். உள்ளடக்கத்தின் குறை இவற்றினும் ஆழமானது. மருத்துவப்பட வினாக்களில் வரும் நோயாளிக்கு வயது உண்டு, பால் உண்டு, நோவு உண்டு. தொழில் மட்டும் பெரும்பாலும் இல்லை. உழைப்பினின்றும் பிரிக்கப்பட்ட உடலே அங்குப் பரீட்சிக்கப்படுகின்றது. கதிரியலின் வரலாறோ வேறு கதை கூறும். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் எல்பே ஆற்றின் கீழே சுரங்கப்பாதை அமைத்த தொழிலாளர், அமுக்கப்பட்ட காற்றில் வேலைசெய்து மீண்டவர்கள். அவர்களின் என்புகளில் இழையம் இறந்துபோதல் 1911இல் அறிக்கையிடப்பட்டது. அந்நோய் இன்று ஆழ்கடற் சுழியோடிகளின் நோய். திருகோணமலைக் கரையிற் கடலட்டைக்காகவும் சங்குக்காகவும் காற்றுக் குழாயுடன் சுழியோடுவோருக்கு அது தொலைதூரத்து நோயன்று.

ஓர் உதாரண வினாவை நாமே ஆக்கிப் பார்ப்போம். ‘பத்து ஆண்டுகளாகக் கடலட்டைக்குச் சுழியோடிய 38 வயதுடைய ஒருவருக்கு வலது இடுப்பு மூட்டில் ஆறு மாதங்களாக நோவு உண்டு. அவருடைய இடுப்பின் எக்ஸ்-கதிர்ப் படம் தரப்பட்டுள்ளது. இப்படம் காட்டும் நோய் எது?’ தெரிவுகள்: என்புமூட்டுத் தேய்வு, காசநோய் மூட்டழற்சி, தொடையென்புக் கழுத்தின் முறிவு, தொடையென்புத் தலையின் இழைய இறப்பு, புற்றுநோயின் பரவல். தெரிவுகள் ஏறக்குறைய ஒரே நீளமுடையன, யாவும் நோய்ப்பெயர்கள், ‘மேற்கூறிய யாவும்’ என்னும் சோம்பேறித் தெரிவு இல்லை. பிழையான தெரிவு ஒவ்வொன்றும், ஒரு மாணவர் உண்மையிலேயே செய்யக்கூடிய பிழையைக் குறிக்கின்றது. தேய்விலும் காசநோயிலும் மூட்டின் இடைவெளி ஒடுங்கும்; இழைய இறப்பில் என்புத்தலை தட்டையான பின்னரும் அவ்விடைவெளி சிலகாலம் காக்கப்படும். இதனைப் படத்திற் கண்டவரே விடையளிக்கவேண்டும்.

ஆயினும் இவ்வினா தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். படத்தைக் கையால் மூடிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். சுழியோடி என்றதுமே, பாடநூலை மனனஞ் செய்தவர் நான்காந் தெரிவைக் குறித்துவிடுவார். படம் வெறும் அலங்காரமாகிவிட்டது. இதற்காகத் தொழிலை நீக்கிவிடலாமா? நீக்கினால் மறுபடியும் தொழிலற்ற உடலுக்கே வந்துசேர்வோம். தொழிலை வைத்துக்கொண்டு வினாவை மாற்றுதலே வழி. அதே மனிதரின் எக்ஸ்-கதிர்ப் படம் இயல்பாகத் தோன்றுகின்றது எனக் கொள்வோம். இந்நோயின் தொடக்கத்திற் பல மாதங்கள் அவ்வாறு தோன்றுதல் உண்டு. அப்படத்தைக் கொடுத்து, ‘அடுத்துச் செய்யத்தக்கது யாது’ என வினவலாம். படத்தில் மாற்றமில்லை என்பதை மாணவர் தாமே கண்டு துணியவேண்டும். நோய் இல்லையென வீட்டுக்கு அனுப்புதல், நோமாத்திரை கொடுத்து அனுப்புதல், காந்தப் படம் எடுத்தல் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கவும் வேண்டும். விடை காந்தப் படமே.

கட்டுரைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். படத்தைக் காட்டுமுன்னரே நோயின் பெயரைத் தலைப்பிற் கூறிவிடும் கட்டுரை வாசகரின் கண்ணைக் கட்டிவிடுகின்றது. அம்புக்குறி முதற்படத்திலேயே இடப்பட்டால் தேடுதலுக்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. முதலில் அம்புக்குறியற்ற படமும் நோயாளியின் வரலாறும், பின் கண்டவற்றின் விவரணம், அதன் பின்னரே பெயர் என எழுதுதல் நன்று. வரலாறு என்னும் பகுதியில் அவர் எத்தனை பாகம் ஆழம் இறங்கினார், ஒரு நாளில் எத்தனை முறை, யாருக்காக இறங்கினார் என்பனவும் எழுதப்படவேண்டும். முதலிரண்டும் நோயை விளக்குவன. மூன்றாவதைப் பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார். ஆயினும் எழுதி அனுப்புதல் வேண்டும்.