இரவும் மூடுபனியும்: அழ மறுக்கும் இசை

‘இரவும் மூடுபனியும்’ பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனே 1955இல் உருவாக்கிய 32 நிமிட ஆவணப்படம். நாஜி வதைமுகாம்கள் விடுவிக்கப்பட்ட பத்தாம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் எதிர்ப்புப் போராளிகளைச் சுவடின்றி மறையச் செய்ய 1941 டிசம்பரில் ஹிட்லர் பிறப்பித்த ஆணையின் பெயரே படத்தின் பெயரானது. உரையை எழுதியவர் மௌத்ஹவுசன் முகாமிலிருந்து உயிர் மீண்ட கவிஞர் ழான் கேரோல். இசை ஹான்ஸ் ஐஸ்லர்.

படத்தில் இரண்டு காலங்கள் மாறிமாறி வருகின்றன. புல் மண்டிய ஆஷ்விட்ஸ், மைதானெக் முகாம்களை ரெனே வண்ணத்தில் படமாக்கினார். இடையே கறுப்பு வெள்ளையில் பழைய படச்சுருள்களும் நிழற்படங்களும் வருகின்றன. அவற்றுள் சில நாஜிகளே எடுத்தவை. சில முகாம்களை மீட்ட நேச நாட்டுப் படையினர் எடுத்தவை.

இந்தக் காட்சிகளுக்கு இசையமைப்பது எளிதல்ல. சாவுக் காட்சி என்றாலே ஷெனாய் அழும் திரைப்படங்களில் பழகிய காது, இங்கும் அப்படியொன்றை எதிர்பார்க்கும். ஐஸ்லர் அதைத் தரவில்லை. 1933இன் நாஜி அணிவகுப்பு திரையில் நகரும்போது ராணுவ பாண்டு வாத்தியம் முழங்குவதில்லை. வயலின் தந்திகளை விரலால் சுண்டும் வறண்ட ஒலிதான் கேட்கிறது. காட்சிகள் கொடூரமாகும்போது வாத்தியங்கள் குறைகின்றன. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் மெல்லிய குரலில் பேசுகின்றன. இதனால் பார்வையாளருக்கு அழுது தீர்த்துவிட்டு எழுந்து போகும் வசதி கிடைப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தாக வேண்டும்.

இது தற்செயலானது அல்ல. ஷோன்பெர்க்கின் மாணவரான ஐஸ்லர், ஹிட்லர் ஆட்சியால் நாடிழந்து ஹாலிவுட்டில் பணியாற்றியவர். கம்யூனிஸ்ட் என்பதால் 1948இல் அமெரிக்காவிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். காட்சி சொல்வதையே இசையும் திரும்பச் சொல்லக் கூடாது என்பது, அவர் அடோர்னோவுடன் எழுதி 1947இல் வெளிவந்த திரையிசை நூலின் வாதங்களுள் ஒன்று. படத்துக்கான இசை முழுவதும் புதியதும் அல்ல. மாஸ்கோ போரைப் பற்றிய பெஹரின் நாடகத்துக்குச் சற்று முன்னர் எழுதிய இசையின் ஒரு பகுதியை ஐஸ்லர் இதில் மீண்டும் பயன்படுத்தினார். அது ஒட்டுப்போட்டதாக எங்கும் தெரியவில்லை.

இசை குறித்து எனக்குக் குறையில்லை. குறை சொற்களில்தான். உரையில் ‘யூத’ என்ற சொல் ஒரே ஒரு முறை, ஆம்ஸ்டர்டாம் மாணவர் ஒருவரைக் குறிக்கும் இடத்தில் வருகிறது. உடையில் தைத்த நட்சத்திரங்கள் திரையில் தெரிகின்றன. அவர்கள் யூதர்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள் என்பதை உரை சொல்லாமல் விடுகிறது. படத்தின் பெயரும் அரசியல் கைதிகளையே சுட்டுகிறது. கேரோல் அந்த ஆணைப்படி கொண்டுசெல்லப்பட்டவர். தன் அனுபவத்திலிருந்து எழுதினார் என்று விளங்கிக்கொள்ளலாம். ஆனாலும் இசையால் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது. இறந்தவர் யார் என்று சொல்வது உரையின் வேலை. அந்த இடத்தில் படம் தவறுகிறது. பெற்றோரை முகாம்களில் இழந்த யூதக் கவிஞர் பவுல் செலான் இவ்வுரையை ஜெர்மனில் மொழிபெயர்த்தார் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு மறைப்பு ரெனே விரும்பிச் செய்ததல்ல. பித்திவியே முகாமின் நிழற்படம் ஒன்றில், காவல் நிற்பவர் பிரெஞ்சுக் காவலர் என்பதை அவரது தொப்பி காட்டிக்கொடுத்தது. பிரெஞ்சுத் தணிக்கையாளர்கள் மறுப்புத் தெரிவிக்கவே, தொப்பியின் மேல் ஓர் உத்தரம் போல வண்ணம் பூசி மறைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து வந்த பிரதிகளில்தான் அந்தத் தொப்பி மீண்டும் தெரிந்தது.